புள்ளி வைத்த வானம்

மார்கழியில் புதுச்சேரியில் எங்கள் சாரத்துத் தெரு நாலரை மணிக்கே விழித்துக்கொள்ளும். கோயில் ஒலிபெருக்கி, பால் வண்டி, வாசல் கழுவும் தண்ணீர்ச் சத்தம். 2023 டிசம்பரில் அப்படியொரு விடியலில் எதிர்வீட்டு வாசலில் தாயும் மகளும் வாக்குவாதத்தில் இருந்தார்கள். மகள் அப்போது எட்டாம் வகுப்பு. கழுவிவிட்ட சிமென்ட் தரையில், நான்கு கால் ஊன்றி நிற்கும் பெட்டி ஒன்றை வெள்ளைக் கோடுகளாக இழுத்து முடித்திருந்தாள். பெட்டியிலிருந்து சாய்வாக ஒரு பலகை இறங்கியது. பலகையடியில் ஆறு சக்கர வண்டி. அந்த ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய சந்திரயான்-3இன் விக்ரம் கலமும் பிரக்யான் ஊர்தியும். அந்தத் திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல், எங்களுக்குப் பக்கத்து ஊரான விழுப்புரத்துக்காரர் என்பதில் தெருவுக்கே பெருமை.

வாக்குவாதம் நிறத்தைப் பற்றியது. கடையில் வாங்கிய கலர் பொடிப் பாக்கெட்டுகளில் ரோஸ் இருந்தது, கிளிப்பச்சை இருந்தது, நிலவின் தரைக்கு வேண்டிய சாம்பல் இல்லை. இஸ்திரிக்கு வைத்திருந்த கரியை அம்மா அம்மியில் நுணுக்கி, கோலமாவில் கலந்து கொடுத்தார். முதல் கலவையைப் பார்த்து அவருக்கே திருப்தியில்லை.

“நிலா இவ்ளோ கறுப்பாவா இருக்கும்? இன்னும் கொஞ்சம் மாவு போடுடி.”

“வேணாம்மா. கிட்டப் போய்ப் பார்த்தா தார் ரோடு மாதிரிதான் இருக்குமாம். நீங்க சொல்லுங்க மாமா.”

அவள் சொன்னது சரி. நிலவின் தரை தன்மேல் விழும் வெளிச்சத்தில் எட்டில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. பழைய தார்ச்சாலையும் ஏறக்குறைய அவ்வளவுதான். கறுத்த வானத்துக்கு நடுவே தொங்குவதால் அது நமக்கு வெள்ளித்தட்டாகத் தெரிகிறது. மூன்றாவது கலவையில் இருவரும் ஒத்துப்போனார்கள். விடிந்தபோது எங்கள் தெருவில் ஒரு துண்டு நிலவு இருந்தது.

அன்று எனக்கு ஆலன் பீன் நினைவுக்கு வந்தார். 1969 நவம்பரில் அப்பல்லோ 12இல் போய் நிலவில் நடந்த நான்காவது மனிதர் அவர். பிற்பாடு நாசாவை விட்டு விலகி முழுநேர ஓவியரானார். நிலவில் கால் வைத்துவிட்டு வந்து அதை வரைந்த ஒரே ஓவியர். சாம்பல் தரையையும் கறுப்பு வானத்தையும் அப்படியே தீட்டினால் கண்ணுக்கு அலுத்துவிடும், வேறு நிறம் சேர்த்தால் பொய்யாகிவிடும். அவரை வருடக்கணக்கில் உலுக்கிய கேள்வி அது. தன் விண்வெளி உடையில் தைத்திருந்த, நிலவுத் தூசி ஒட்டிய சின்னங்களிலிருந்து துணுக்குகளை வெட்டி வண்ணத்தோடு குழைத்துப் பூசினார். நிலவுக் காலணியின் அடிப்பாகத்தை ஈரமான பரப்பில் அழுத்தித் தடம் பதித்தார். அவரைப் போலவே எதிர்வீட்டு அம்மாவும் நிலவின் நிறத்தைத் தேடித் தூசியைத்தான் கையில் எடுத்திருந்தார்.

வானம் ஓவியருக்கு என்ன கொடுத்தது என்று கேட்டால் நாம் உடனே வான்கோவைச் சொல்லுவோம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் புதுச்சேரியில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்பவர் முதலில் கடற்கரைப் பக்கம் நடக்க வேண்டும். எங்கள் சாரத்திலிருந்து மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது.

ஒரு புள்ளிக்காக

இன்றைய பாரதி பூங்காவைச் சுற்றிய பகுதியில் ஒருகாலத்தில் பிரெஞ்சுக் கோட்டை இருந்தது. 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து, கோட்டையையும் மாளிகையையும் தகர்த்தார்கள். அந்த இடிபாட்டின் மேல், 1768இல், ஒரு பிரெஞ்சுக்காரர் வான் ஆய்வுக்கூடம் கட்டிக்கொண்டார். பெயர் கியோம் லெ ழான்தி. பாரிஸ் அறிவியல் கழகத்தைச் சேர்ந்தவர்.

வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே ஒரு சிறு கரும்புள்ளியாகக் கடந்துபோகும். எட்டு வருட இடைவெளியில் இரண்டு முறை நடக்கும். பிறகு நூறு வருடத்துக்கு மேல் நடக்காது. அந்தப் புள்ளி நகர்வதைப் பூமியின் பல மூலைகளிலிருந்து அளந்தால், சூரியன் நமக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். 1761 ஜூன் 6 நிகழ்வைப் புதுச்சேரியில் அளப்பதற்காக லெ ழான்தி 1760 மார்ச்சில் பிரான்சிலிருந்து கப்பல் ஏறினார். மாஹே கடற்கரையை நெருங்கியபோது செய்தி வந்தது, புதுச்சேரி போய்விட்டது என்று. கப்பல் திரும்பியது. அந்த நாளில் அவர் நடுக்கடலில் இருந்தார். வானம் தெளிவாக இருந்தது, புள்ளியும் தெரிந்தது, ஆனால் ஆடும் கப்பலில் வைத்து எடுத்த அளவு எதற்கும் உதவவில்லை.

ஊருக்குத் திரும்பாமல் அடுத்த நிகழ்வுக்காகக் கீழ்த்திசையிலேயே தங்கிவிட்டார். மடகாஸ்கர், மொரீஷியஸ், மணிலா என்று சுற்றி, பிரான்சுக்குத் திரும்பக் கிடைத்திருந்த புதுச்சேரிக்கு 1768 மார்ச்சில் வந்து சேர்ந்தார். ஆளுநர் லா தெ லோரிஸ்தோன் இடம் கொடுத்தார். பகைவர்களான சென்னை ஆங்கிலேயரே நல்ல தொலைநோக்கி ஒன்றை அனுப்பிவைத்தார்கள். மறு ஆண்டு மே மாதக் காலைகள் எல்லாம் தெளிவாக விடிந்தன. 1769 ஜூன் 3 இரவு ஆளுநரோடு சேர்ந்து வியாழனின் துணைக்கோள்களைப் பார்த்துவிட்டுப் படுத்தார். இரண்டு மணிக்கு விழித்துப் பார்த்தால் வானத்தை மேகம் மூடியிருந்தது. விடிகிறபோது சூறைக்காற்று. புள்ளி சூரியனை விட்டு வெளியேறும் வரை மேகம் விலகவேயில்லை. அதன்பிறகு வெயில் அடித்தது, நாள் முழுக்க அடித்தது. இரண்டு வாரத்துக்கும் மேல் அவரால் பேனாவைத் தொட முடியவில்லை. 1771இல் ஊர் போய்ச் சேர்ந்தபோது அவரை இறந்தவராகக் கருதிச் சொத்துப் பிரிவினை நடந்துகொண்டிருந்தது.

இந்தக் கதையை வானியல் நூல்கள் துரதிர்ஷ்டத்தின் கதையாகச் சொல்லும். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. அவருடைய பயண நூலில் ஒரு செப்புத்தகட்டு ஓவியம் உண்டு: இடிந்த சுவர்கள், அவற்றின் நடுவே எழும்பி நிற்கும் ஆய்வுக்கூடம். அந்த மனிதர் அளக்க வந்த புள்ளி கிடைக்காமலேயே போனது; காத்திருந்த இடத்தின் படம் நமக்குக் கிடைத்தது. கோட்டை இருந்த பக்கம் நடக்கும்போதெல்லாம் அந்தப் படத்தைத்தான் மனதில் விரித்துக்கொள்கிறேன்.

அவர் தவறவிட்ட புள்ளியை நான் பார்த்திருக்கிறேன். 2004 ஜூன் 8. சாரத்து மொட்டை மாடியில், பைனாகுலரின் ஒரு கண்ணை அடைத்து, மறு கண் வழியாகச் சூரியனை வெள்ளைத்தாளில் விழவைத்தோம். காலை பத்தே முக்காலுக்குப் பக்கத்தில் தொடங்கி மாலை ஐந்து வரை அந்தப் புள்ளி ஊர்ந்தது. பத்து சென்டிமீட்டர் வட்டத்தில் மூன்று மில்லிமீட்டர் இருக்கும். அரைமணிக்கு ஒருமுறை பென்சிலால் குறித்தேன். வட்டம் நடுங்கும், தாள் காற்றில் துடிக்கும், புள்ளி மட்டும் அழுத்தமாக நிற்கும். அந்த நோட்டுத்தாளை இன்னும் வைத்திருக்கிறேன். 2012இல் இன்னொரு முறை வந்துபோனது. இனி 2117இல்தான்.

சோழியும் கோலமாவும்

லெ ழான்தி புதுச்சேரியில் வெறுமனே காத்திருக்கவில்லை. இங்கிருந்த தமிழர் ஒருவரிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டார். எழுதுகோல் கிடையாது, அச்சிட்ட அட்டவணை கிடையாது. வாய்பாடுகளை வாக்கியங்களாக மனப்பாடம் செய்து, தரையில் சோழிகளை வைத்தும் நகர்த்தியும் கணக்கு ஓடும். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தை அந்த முறையில் போட்டுப் பார்த்தபோது, கிரகணம் நீடித்த நேரத்தில் 41 விநாடி மட்டுமே குறைந்தது. அன்றைய ஐரோப்பாவின் மிகச் சிறந்த சந்திர அட்டவணையான தோபியாஸ் மாயரின் கணக்கு 68 விநாடி கூடுதலாகச் சொல்லியிருந்தது. அரை நூற்றாண்டு கழித்து, 1825இல் சென்னையில் வெளியான ‘கால சங்கலித’ நூலில் ஜான் வாரன் இதே கலையைப் பதிவு செய்தார். அவருக்குச் சோழி வைத்துக் கிரகணம் கணித்துக் காட்டியவரும் புதுச்சேரியில் குடியிருந்த பஞ்சாங்கக்காரர்தான்.

தரையில் குந்தி, விரலால் சோழியை நகர்த்தி, வானத்தைக் கணித்த அந்த மனிதரை நினைக்கும்போது, அதே தரையில் குந்தி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவை நழுவவிட்டுப் புள்ளி வைக்கும் பெண்களும் கூடவே நினைவுக்கு வருகிறார்கள். இரண்டும் மனப்பாடம், இரண்டும் கணக்கு. “15 புள்ளி, 8 முடிய இடுக்குப் புள்ளி” என்று கோலப் புத்தகம் சொல்வதைக் கணக்குத் தெரியாதவர் போட முடியாது. ரதசப்தமிக்குச் சூரியனின் தேரைக் கோலமாகப் போடுகிறோம். பொங்கல் பானைக்கு முன்னால் சூரியனையும் சந்திரனையும் வரைகிறோம். நவக்கிரகங்களுக்குத் தனித்தனிக் கோலம் பூசையறைப் பலகையில் உண்டு. ஓவியக் கூடங்கள் இவற்றை ஓவியமாக எண்ணியதில்லை. வானத்தை நாள்தோறும் வரைந்த கைகள் இவைதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். காலையில் போட்டு மாலைக்குள் கால்பட்டு அழிவதால் வரலாற்றில் பெயர் இல்லாமல் போயிற்று.

புள்ளிகளைச் சேர்த்து உருவம் காண்பது வானத்திலும் நமக்குப் பழக்கம்தான். உரோகிணியின் மீன்களைச் சேர்த்து முன்னோர் சகடம் என்றார்கள், வண்டி. மிருகசீரிடம் மான்தலை. கார்த்திகை அறுமீன். கோள்களுக்கோ நிறத்தால் பெயர் வைத்தார்கள்: செவ்வாய், வெள்ளி. சங்கப் பாடலில் சனிக்கு மைம்மீன் என்று பெயர், மை நிற மீன். கோயில் நவக்கிரகச் சன்னிதியில் குருவுக்கு மஞ்சள் பட்டு, புதனுக்குப் பச்சை, சனிக்குக் கறுப்பு என்று கட்டுகிறார்களே, அது ஓர் ஓவியரின் வண்ணப்பலகை. இதே மார்கழியில் இரவு எட்டு மணிக்குக் கிழக்கே பார்த்தால் திருவாதிரை செந்நிறமாக எரிவது தெரியும். நம் சூரியனைப் போலப் பல நூறு மடங்கு பருத்த, முதிர்ந்த செம்மீன் அது. ஆடவல்லானுக்கு அந்த நட்சத்திரத்தைக் கொடுத்தவர்கள் அதன் நிறத்தைப் பார்க்காமலா கொடுத்திருப்பார்கள் என்று தோன்றும். 2004இல் இந்தியா அன்பளிப்பாகக் கொடுத்த நடராசர், இரண்டு மீட்டர் உயரத்தில், ஜெனீவா அருகே அணுத்துகள் ஆராயும் செர்ன் வளாகத்தில் ஆடிக்கொண்டிருக்கிறார். சோழ நாட்டு வார்ப்புக் கைகள் கண்டெடுத்த உருவம். பிரபஞ்சத்தின் இயக்கத்துக்கு அறிவியல்காரர்களும் அதைவிடப் பொருத்தமான படத்தைத் தேடிக் கண்டதில்லை.

2019 டிசம்பர் 26ஐயும் சொல்லிவிடுகிறேன். கங்கண சூரிய கிரகணம். எங்கள் ஊரில் முழு வளையம் இல்லை, சூரியன் பிறையானது. மார்கழிதான், ஆனால் அமாவாசை. அமாவாசையன்று பெரும்பாலான வீடுகளில் வாசல் கோலம் கிடையாது. கிரகணம் என்று கதவையும் சாத்தியிருந்தார்கள். தெருவில் ஆளில்லை. ஒன்பதரை மணி வாக்கில் மேகம் விலகியபோது வேப்பமரத்தடிக்குப் போனேன். இலைகளின் இடுக்கு ஒவ்வொன்றும் ஊசித்துளையாகி, வெறுமையாகக் கிடந்த வாசல்களில் நூற்றுக்கணக்கான பிறைகள் விழுந்திருந்தன. எல்லாம் ஒரே பக்கம் பார்த்து வளைந்திருந்தன. காற்று அசைத்தபோது எல்லாம் சேர்ந்து அசைந்தன. பெண்கள் போடாத அன்று சூரியன் போட்ட கோலம் அது. கதவுகளைத் தட்டிக் கூப்பிட்டேன். இரண்டு வீட்டில் மட்டும் வெளியே வந்து பார்த்தார்கள். அவற்றில் ஒன்று எதிர்வீடு.

வரையத் தெரிந்த கண்

1609 கோடையில் இங்கிலாந்தில் தாமஸ் ஹாரியட் தொலைநோக்கியில் நிலவைப் பார்த்து ஒரு படம் வரைந்தார். தொலைநோக்கியில் பார்த்து வரைந்த படங்களில் நம்மிடம் இருப்பவற்றில் அதுதான் முதலாவது. ஒழுங்கற்ற கோடு, அங்கங்கே திட்டுகள், அவ்வளவுதான். சில மாதம் கழித்து இத்தாலியில் கலிலியோ அதே நிலவைப் பார்த்து நீர்வண்ணத்தில் தீட்டினார். அவர் படத்தில் மலைகள் இருந்தன, பள்ளங்கள் இருந்தன. வெளிச்ச எல்லைக்கு அப்பால், இருட்டுக்குள் தனியாக ஒளிரும் புள்ளிகளைப் பார்த்து, அவை விடியல் வெயில் முதலில் தொடும் சிகரங்கள் என்று கண்டுகொண்டார். கருவிகளில் பெரிய வித்தியாசம் இருந்திருக்கலாம் என்று நினைப்போம். முக்கிய வித்தியாசம் பழக்கத்தில் இருந்தது. கலிலியோ ஓவியம் பழகியவர். உருண்டைமேல் நிழல் எப்படி விழும் என்று கை அறிந்திருந்தது. அவர் நூல் வெளிவந்த பிறகு ஹாரியட்டின் படத்திலும் பள்ளங்கள் வந்துவிட்டன! கலிலியோவின் நண்பர் சிகோலி என்னும் ஓவியர் 1612இல் ரோமாபுரி தேவாலயக் கூரையில் மாதாவின் காலடியில் வரைந்த நிலவும் பள்ளங்களோடுதான் இருக்கிறது. அதுவரை அந்த நிலவு மாசில்லாத பளிங்கு.

புகைப்படம் வந்த பிறகும் பல காலம் வான் ஆய்வுக்கூடங்களுக்கு ஓவியர்கள் தேவைப்பட்டார்கள். பிரான்சிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய த்ரூவெலோ, 1880களின் தொடக்கத்தில் வெளியிட்ட பதினைந்து வண்ணப் படங்களை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். அன்றைய கேமராவுக்குப் பிடிபடாத சூரியத் தழலின் மென்மையை அவருடைய பேஸ்டல் சுண்ணக்கட்டி பிடித்தது.

நம் கொடைக்கானலிலும் இப்படி ஒரு பொக்கிஷம் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. அங்குள்ள சூரிய ஆய்வுக்கூடத்தில் 1904 முதல் நூறு வருடத்துக்கும் மேலாக, சூரியனின் முகத்தைத் தாளில் கையால் வரைந்து வைத்தார்கள். கட்டமிட்ட வட்டம். அதில் சூரியப் புள்ளிகளுக்கு ஒரு நிறம், தழல் நாக்குகளுக்கு ஒரு நிறம், கரிய இழைகளுக்கு ஒரு நிறம். இன்றைய ஆய்வாளர்கள் அவற்றைக் கணினியில் ஏற்றிச் சூரியனின் நூற்றாண்டு வரலாற்றைப் படிக்கிறார்கள். வரைந்தவர்கள் தங்களை ஓவியர் என்று சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். பனி மூடிய மலையில் உட்கார்ந்து, தலைமுறை தலைமுறையாக, ஒரே முகத்தைத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார்கள். ஓவியக் கண்காட்சி ஒன்றில் அந்தத் தாள்களைச் சட்டமிட்டு மாட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

விண்வெளியிலேயே வரைந்த முதல் ஓவியமும் கைவேலைதான். 1965 மார்ச்சில் வோஸ்கோத்-2 கலத்திலிருந்து வெளியேறி, விண்ணில் மிதந்த முதல் மனிதரானார் அலெக்சி லியோனவ். கலர் பென்சில்கள் மிதந்து ஓடிவிடாமல் நூலில் கோத்து மணிக்கட்டில் கட்டியிருந்தார். சுற்றுப்பாதையிலிருந்து பார்த்த சூரிய உதயத்தை அங்கேயே வரைந்தார்: கறுப்புக்குக் கீழே நீலம், அதன்கீழ் செம்மஞ்சள் வளைவு.

ஒரு சுழி போன தூரம்

1845இல் அயர்லாந்தில், தன் மாளிகைத் தோட்டத்தில், ராஸ் பிரபு ஆறடி அகல ஆடி கொண்ட தொலைநோக்கியைக் கட்டினார். அதில் ஒரு மங்கிய மேகத்தைப் பார்த்து வரைந்தபோது, அதற்குச் சுழல் வடிவம் இருப்பது முதன்முதலாகத் தெரிந்தது. பால்வீதிக்கு வெளியே உள்ள இன்னொரு விண்மீன் மண்டலம் அது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. அந்தப் படம் பிரெஞ்சு வானியல் புத்தகங்களில் அச்சாகிப் பரவியது. 1889 ஜூனில், சான்-ரெமி மனநலக் காப்பகத்தின் ஜன்னல் வழியே விடியல் வானத்தைப் பார்த்து வான்கோ ‘நட்சத்திர இரவு’ வரைந்தார். நடுவானில் சுருண்டு புரளும் அந்தச் சுழியில் ராஸ் பிரபுவின் படம் இருக்கிறது என்று கலை வரலாற்றாளர்கள் சிலர் கருதுகிறார்கள். படத்தின் பெரிய வெள்ளை ஒளி வெள்ளிக் கோள். லெ ழான்தியைத் தவிக்கவிட்ட அதே வெள்ளி.

அந்தச் சுழி எங்கள் பக்கமும் வந்தது. 1968 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டிய ஆரோவில்லுக்கு, பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரோழே ஆன்ழே போட்ட நகர வரைபடத்தின் பெயரே விண்மீன் மண்டலம். நடுவில் மாத்ரிமந்திர் என்னும் தியானக் கோளம். அதிலிருந்து கைகள் சுழன்று விரியும். காகிதத்தில் அது மிக அழகிய ஓவியம். நிலத்தில் இறங்கியபோது, செம்மண்ணில் பாடுபட்டு வளர்த்த மரங்களும் ஓடைகளும் குறுக்கே நின்றன. வரைபடமா, மரங்களா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் மாத்ரிமந்திருக்குள் சூரியனை வைத்துச் செய்திருப்பதை நான் மதிக்கிறேன். கூரையில் உள்ள ஆடி சூரியனைப் பின்தொடர்ந்து, ஒரு கதிரைச் செங்குத்தாக இறக்கி, எழுபது சென்டிமீட்டர் பளிங்குக் கோளத்தில் விழவைக்கிறது. சுவரெல்லாம் வெள்ளை. வேறு அலங்காரம் இல்லை. வேப்பமரத்தடியில் நான் பார்த்ததைத்தான் அங்கே அமைதியாக உட்காரவைத்திருக்கிறார்கள்.

புதுச்சேரிக்கு ஒரு வால் நட்சத்திரத் தொடர்பும் உண்டு. 1908 முதல் 1918 வரை இங்கே வாழ்ந்த பாரதி, 1910இல் ஹாலி வால்மீன் வந்தபோது ‘சாதாரண வருஷத்துத் தூமகேது’ எழுதினார். அதே வால்மீன் 1301இல் தோன்றிச் சில வருடம் கழித்து, இத்தாலியின் படுவா நகர ஆலயத்தில் இயேசு பிறந்த குடிலின் மேல் நெருப்பு வால் கொண்ட நட்சத்திரத்தை வரைந்தார் ஜியோத்தோ. 1986இல் ஹாலியை நெருங்கிப் படமெடுத்த ஐரோப்பிய விண்கலத்துக்கு அந்த ஓவியரின் பெயரைத்தான் வைத்தார்கள்.

ராசிக் கட்டங்களின் ஓவியர்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியிலிருந்து பஸ் ஏறினால், சென்னையின் நடுப்பகுதிக்குப் போகும் முன் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் வரும். 1966இல் அதை உருவாக்கியவர் கே.சி.எஸ். பணிக்கர். கோயம்புத்தூரில் பிறந்தவர், சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். மேலைநாட்டு நவீன ஓவியத்தைத் தெளிவாகக் கற்றிருந்தும், அது தன்னுடையது இல்லையே என்று உள்ளுக்குள் குமைந்தவர். ஒரு மாணவனின் கணக்கு நோட்டு அவர் கண்ணில் பட்டது: எழுத்துகள், எண்கள், வடிவங்கள் நெருக்கியடித்த ஒரு பக்கம். 1963 முதல் அவர் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையை வரையத் தொடங்கினார்.

அந்தப் படங்களின் முன் நிற்பது பழைய பனையோலை ஜாதகக் கட்டின் முன் நிற்பதுபோல இருக்கும். மங்கிய மஞ்சள் பரப்பு. அதில் ராசிக் கட்டங்கள், அட்டவணைகள், வட்டங்கள், நடுவே ஒரு பாம்பு, ஒரு மீன். மலையாள எழுத்துப்போல வரிவரியாக ஓடும். கிட்டப் போய்ப் படிக்கப் பார்த்தால் படிக்க வராது. ஜாதகத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, நம் பிறந்த நேரத்து வானம் இந்தப் பன்னிரண்டு கட்டத்துக்குள் இருக்கிறது என்று நம்பி, ஒன்றும் புரியாமல் உற்றுப் பார்ப்போமே, அந்தப் பார்வையை அவர் ஓவியமாக்கினார். ஜோதிடத்தை நம்புவதும் மறுப்பதும் அங்கே பொருட்டில்லை. கோள்களைக் கட்டம் போட்டுத் தாளில் இறக்கிய மரபு பல நூற்றாண்டுக் கைப்பழக்கத்தைத் தனக்குள் வைத்திருக்கிறது; நவீன ஓவியத்துக்கு வேண்டிய கோடு அங்கேயே இருக்கிறது என்று பணிக்கர் காட்டினார். இந்திய நவீன ஓவியத்தில் வானத்தை இவ்வளவு சொந்தமாக எடுத்துக்கொண்டவர் வேறு யாரும் இல்லை என்பது என் எண்ணம்.

ஓவியர் ரசாவை ஆதரிப்பவர்கள் இதை மறுப்பார்கள். மத்தியப் பிரதேசக் கிராமப் பள்ளியில் அலைபாயும் மனதை அடக்க ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளி வைத்து, அதையே பார் என்று உட்காரவைத்தாராம். அந்தச் சிறுவன் எஸ்.எச். ரசா பாரிஸ் போய், முப்பது வருடம் கழித்து, அந்தப் புள்ளிக்கே திரும்பினார். ‘பிந்து’ என்ற பெயரில் அவர் தீட்டிய பெரிய கருவட்டங்கள் சூரியனாகவும் தெரியும், விதையாகவும் தெரியும். மறுப்பவர்களோடு வாதாட மாட்டேன். புள்ளி என்றால் எனக்கும் பலவீனம் உண்டு.

புள்ளிகளிலெல்லாம் பெரிய புள்ளி 1990 பிப்ரவரி 14 அன்று கிடைத்தது. வானியலாளர் கார்ல் சேகன் வற்புறுத்திக் கேட்டதால், அறுநூறு கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து வாயேஜர்-1 விண்கலம் திரும்பிப் பார்த்துப் பூமியைப் படமெடுத்தது. வெயில் கீற்றொன்றில் மிதக்கும் வெளிறிய நீலத் துகள், கேமராவின் ஒரு படப்புள்ளியைக்கூட நிரப்பவில்லை. 1980இல் வந்த தன் ‘காஸ்மோஸ்’ தொடரில் நம் பொங்கலைக் காட்டியவரும் இதே சேகன்தான்.

இன்றைய வெப் விண்வெளித் தொலைநோக்கிப் படங்களையும் ஓவியம் என்று சொல்லத் துணிவேன். அது பார்ப்பது அகச்சிவப்பு, நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி. நீண்ட அலைகளுக்குச் சிவப்பும் குறுகியவற்றுக்கு நீலமும் கொடுத்து, எந்த அளவில் பிரகாசம் வேண்டும் என்று தீர்மானிக்கப் படக்கலைஞர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பொய் சேர்ப்பதில்லை. கரியில் எவ்வளவு மாவு கலந்தால் நிலவு வரும் என்ற அதே கவலைதான் அவர்களுக்கும்.

2025 டிசம்பரில் எங்கள் மாடிக்கு ஒரு சிறிய தொலைநோக்கி வந்தது, நண்பரிடம் இரவல். லாஸ்பேட்டையில் அப்துல் கலாம் அறிவியல் மையமும் கோளரங்கமும் பக்கத்திலேயே இருக்கின்றன. இருந்தாலும் சொந்த மாடியில், சொந்தக் கண்ணால் பார்ப்பது தனி. எதிர்வீட்டுப் பெண் அப்போது பத்தாம் வகுப்பு. தென்மேற்கில் சனி. கண்ணை வைத்தவள் வெகுநேரம் எடுக்கவில்லை.

“வளையம் எங்க மாமா? நடுவுல ஒரு கோடுதான் தெரியுது.”

அந்த ஆண்டு சனியின் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டி நின்றது. தட்டை விளிம்புப் பக்கமாகப் பிடித்தால் கோடாகத்தானே தெரியும்? கலிலியோவுக்கும் 1612இல் இப்படித்தான் ஆயிற்று என்று சொன்னேன். இரண்டு வருடம் முன்பு பெரிய உருண்டைக்கு இரு பக்கமும் சின்ன உருண்டைகள் என்று வரைந்து வைத்திருந்தவர், திடீரென்று அவற்றைக் காணாமல் திகைத்தார். அது வளையம் என்று புரிய இன்னும் நாற்பது வருடத்துக்கு மேல் ஆனது. இருந்தும், இல்லாததை அவர் வரையவில்லை. கேட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.

மறுநாள் விடியற்காலை மறுபடி வாக்குவாதம்.

“சனின்னா வளையம் வேணும்டி. புத்தகத்துல இருக்கற மாதிரி அகலமாப் போடு. இப்படிப் போட்டா யாருக்குத் தெரியும்?”

“நேத்து நான் பார்த்தப்ப இப்படித்தாம்மா இருந்துச்சு.”

அம்மா கோலமாவு டப்பாவை அவள் பக்கம் நகர்த்திவிட்டுத் தண்ணீர் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவள் மஞ்சள் பொடியில் வட்டத்தை நிரப்பினாள். பிறகு விரல்களுக்கு நடுவே கொஞ்சம் வெள்ளை மாவை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வட்டத்தின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் தாண்டும் வரை, நூல் கனத்தில் ஒரே கோடாக இழுத்தாள்.